கயிறு கட்டிய கண்ணாடி அறை

பெவர்லி தேநீர்க் கோப்பையோடு கயிற்றைத் தாண்டி உள்ளே கால் வைத்ததும் கிளிஃப் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார்.

“வாசல் அந்தப் பக்கம்,” என்றார்.

“கை சுடுதுப்பா. வாங்கிக்கங்க.”

“சுவரைப் பொளந்துக்கிட்டு வர்றவ கையால நான் டீ குடிக்க மாட்டேன்.”

பெவர்லிக்கு ஐம்பது வயது நெருங்குகிறது. லீட்ஸில் ஒரு பள்ளிக்கூட அலுவலகத்தையே கட்டி மேய்க்கிறவள். ஆனால் அப்பாவிடம் மட்டும் அவள் பேச்சு ஒருநாளும் எடுபட்டதில்லை. வந்த வழியே பின்வாங்கி, கயிற்றைச் சுற்றி நடந்து, இரண்டு முளைக்குச்சிகளுக்கு நடுவே கயிறு கட்டாமல் விட்டிருந்த இடைவெளி வழியாக மறுபடி வந்தாள். போதாக்குறைக்குச் செருப்பையும் புல்லில் தேய்த்துக்கொண்டாள். அதற்குப் பிறகுதான் கிளிஃப் கோப்பைக்குக் கை நீட்டினார்.

அது கண்ணாடி அறை. இன்னும் கட்டவில்லை, அவ்வளவுதான். வீட்டின் பின்பக்கம், சமையலறைப் படிகளுக்குக் கீழே, அறை வரப்போகிற இடத்தில் முளையடித்துச் சணல் கயிறு இழுத்துக் கட்டியிருந்தார். உள்ளே இரண்டு மடக்கு நாற்காலிகள். நகராட்சியின் அனுமதி வரும்வரை ஒரு செங்கல்கூட வைக்க முடியாது. மலைச்சரிவில் இருந்த அந்தத் தெரு முழுக்கப் பழைய கல் வீடுகள். ஜன்னல் சட்டத்தை மாற்றுவதென்றால்கூட நகராட்சியைக் கேட்க வேண்டும். கேட்டாயிற்று. ஆட்சேபணை உள்ளவர்கள் எழுதலாம் என்று தெருமுனை விளக்குக் கம்பத்தில் மஞ்சள் நோட்டீஸும் கட்டியாயிற்று. முடிவு வரும்வரை சும்மா இருப்பானேன் என்று கிளிஃப் இல்லாத அறையில் குடியேறிவிட்டார். மேல்கோட்டு, தொப்பி, கையுறை சகிதம் மத்தியானத்துக்கு மேல் அங்கேதான் இருப்பார். வேலை பார்த்த காலம் முழுக்க பஸ் ஓட்டியவர். கதவு வழியாக ஏறாத எவரையும் அவர் பயணியாக ஒப்புக்கொண்டதில்லை.

போன தடவை பெவர்லி வந்திருந்தபோது தூறலில் நனைந்துகொண்டு உட்கார்ந்திருந்தார். அவள் குடையை எடுத்துக்கொண்டு ஓடிப்போய் விரித்ததுதான் தாமதம், பதறிவிட்டார்.

“மடக்கு, மடக்கு. வீட்டுக்குள்ள குடை விரிக்கக் கூடாதுன்னு உனக்கு யாரும் சொல்லித் தரலையா? குடும்பத்துக்கு ஆகாது.”

அந்த ஊரில் எல்லோருக்கும் உள்ள நம்பிக்கைதான். ஆனால் தலையில் மழை சொட்டச் சொட்ட அதைச் சொன்னவர் அவர் ஒருவராகத்தான் இருக்கும். பெவர்லி குடையை மடக்கிவிட்டு அவரோடு சேர்ந்து நனைந்தாள். சிரித்துக்கொண்டேதான் நனைந்தாள்.

அறை அவருக்காக இல்லை, மேவிஸுக்காக. பெவர்லியின் அம்மாவுக்கு நுரையீரல் சரியில்லை. குளிர்காற்று பட்டால் நெஞ்சை அடைத்துக்கொள்ளும். இலை உதிரத் தொடங்கினால் அவள் வீட்டுக்குள் போனாள் என்று அர்த்தம். அடுத்த வசந்தம்வரை தான் வளர்த்த ரோஜாக்களைச் சமையலறை ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். போன குளிர்காலத்தில் ஆஸ்பத்திரியில் சேர்க்கும்படி ஆகிவிட்டது. அதன் பிறகுதான் மூன்று பேரும் உட்கார்ந்து பேசி ஒரு முடிவுக்கு வந்தார்கள். கண்ணாடி அறைக்கு அனுமதி கிடைத்தால் இந்த வீட்டிலேயே இருப்பது. கிடைக்காவிட்டால் வீட்டை விற்றுவிட்டு லீட்ஸில் பெவர்லியின் பக்கத்தில் ஒரு சின்ன ஃபிளாட்டுக்குப் போய்விடுவது. மேவிஸ் சரி என்றாள். சரி என்று சொன்ன அன்று சாப்பாட்டைத் தொடவில்லை.

ஆனால் கயிற்றுக்குள் வந்து உட்காரச் சொல்லி கிளிஃப் கூப்பிட்டால் மட்டும் வர மாட்டாள். “கூரை போட்டப்புறம் கூப்பிடு. கயித்துக்குள்ள நிக்க நான் என்ன கன்னுக்குட்டியா?” என்பாள். இரண்டாவது மடக்கு நாற்காலி அதுவரை காலியாகவே கிடந்தது.

தெருவில் ஒரே ஒருவர்தான் ஆட்சேபணை எழுதியிருந்தார். அவரும் பக்கத்து வீட்டு வில்ஃப்.

இரண்டு தோட்டங்களுக்கும் நடுவே முழங்கை வைத்துக்கொள்ளத் தோதான உயரத்தில் ஒரு கல் சுவர் உண்டு. பெவர்லிக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து மாலையானால் வில்ஃப் அந்தப் பக்கமும் கிளிஃப் இந்தப் பக்கமும் அதில் சாய்ந்துகொண்டு பேசுவார்கள். வில்ஃபின் மனைவி இறந்த பிறகு அவர் ஒருநாளில் பேசுகிற பேச்சே அந்தச் சுவரில் பேசுவதுதான். அப்படிப்பட்டவர், தன் சமையலறைக்கு வெளிச்சம் குறைந்துவிடும் என்று நகராட்சிக்கு எழுதிப் போட்டிருந்தார். அந்த மாதிரிக் கடிதங்களை நகராட்சி ஒளித்து வைப்பதில்லை, யார் வேண்டுமானாலும் கணினியில் படிக்கலாம். கிளிஃப் படித்தார். மேவிஸ் படித்தாள். தெருவே படித்தது. அன்று மாலை வில்ஃப் வழக்கம்போலச் சுவருக்கு வந்தார், தன்னுடைய டாலியாச் செடிகளைப் பற்றிப் பேசினார். கிளிஃபும் டாலியாவைப் பற்றியே பேசினார். கடிதத்தைப் பற்றி இரண்டு பேரும் மூச்சு விடவில்லை.

“நேராக் கேட்டுட வேண்டியதுதானப்பா,” என்று பெவர்லி அப்போதே பொரிந்தாள். “இத்தனை வருஷப் பழக்கம்.”

“எழுதறதுக்கு அவனுக்கு உரிமை இருக்கு. நான் போய்க் கேட்டா அவன் சங்கடப்படுவான்.”

இந்த ஊரில் ஒருவரைத் திட்டிவிட்டுக்கூடத் தப்பித்துக்கொள்ளலாம். சங்கடப்படுத்தினால் மன்னிப்பே கிடையாது.

ஆட்சேபணை வந்துவிட்டதால் நகராட்சியிலிருந்து ஆள் நேரில் வந்து பார்ப்பதாக ஏற்பாடு. நாளைக் காலை. அதனால்தான் அன்றைக்கு கிளிஃப் ஒரு நிலையில் இல்லை. தேநீரைக் குடித்தபடியே ஒவ்வொரு முளையாகப் பார்த்து, ஒரு குச்சி சாய்ந்திருப்பதாகச் சொல்லி பெவர்லியை நிமிர்த்தச் சொன்னார்.

“இந்தப் பக்கம் மட்டும் மங்கல் கண்ணாடி,” என்று வில்ஃபின் சுவரைக் காட்டினார். “திறக்காத மாதிரி. படத்துலயே அப்படித்தான் போட்டுக் குடுத்திருக்கேன்.”

“ஏன்? வெளிச்சம் வருமே.”

“அவன் பாட்டுக்குத் தோட்டத்துல எதையாவது செஞ்சுக்கிட்டு இருப்பான். நாம இங்கிருந்து பாத்துக்கிட்டே இருந்தா நல்லாவா இருக்கும்? அவனும் மனுஷன்தானே.”

“உங்களுக்கு எதிரா எழுதினவரு அவரு.”

“அதுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?” என்றார் கிளிஃப். நிஜமாகவே புரியாமல்தான் கேட்டார். பெவர்லி குனிந்து அவர் கழுத்துத் துண்டை இழுத்துச் சுற்றிவிட்டாள். வீட்டுக்குப் போகும்போது மறக்காமல் வாசல் வழியாகப் போனாள்.

சமையலறையில் மேவிஸ் உருளைக்கிழங்கு தோல் சீவிக்கொண்டிருந்தாள். பெவர்லியும் ஒரு கத்தியை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாள். கொஞ்ச நேரத்தில் வெளியே வில்ஃபின் குரல் கேட்டது. உறைபனி விழப்போகிறதாம், டாலியாக் கிழங்குகளைத் தோண்டி எடுத்துவிட வேண்டுமாம். எடுத்ததை மணலில் போடுவதா, காகிதத்தில் சுற்றுவதா என்று ஒரு நீண்ட ஆராய்ச்சி. வில்ஃப் கேட்டார், வில்ஃபே பதிலும் சொல்லிக்கொண்டார்.

“உங்கப்பா வாயே தொறக்கலையே,” என்றாள் மேவிஸ். “நாளைக்கு ஆள் வர்றாங்கன்னு கோவம் வந்துருச்சோ என்னவோ.”

“வரட்டும். இப்பவாவது வந்துதே.”

கிழங்குப் பேச்சு இன்னும் கொஞ்ச தூரம் போயிற்று. பிறகு நின்றது.

“கிளிஃப்,” என்றார் வில்ஃப்.

மறுபடி ஒருமுறை கூப்பிட்டார். அந்தக் குரல் வேறு மாதிரி இருந்தது. பெவர்லி ஜன்னலைப் பார்த்தாள். இடுப்பு எலும்புக்கு அறுவை செய்துகொண்ட வில்ஃப், சுவர்மேல் வயிற்றை வைத்துப் படுத்து ஒரு காலை இந்தப் பக்கம் போட முயன்றுகொண்டிருந்தார். போட்டு, விழுந்து, எழுந்து, கயிற்றில் கால் மாட்டி ஒரு முளையைப் பிடுங்கிக்கொண்டு அப்பாவிடம் போனார்.

பெவர்லி படிகளில் இறங்கி ஓடியபோது வில்ஃப் ஈரப் புல்லில் மண்டியிட்டு, கையுறையோடு இருந்த கிளிஃபின் கையைத் தன் இரண்டு கைகளுக்குள் வைத்துக்கொண்டிருந்தார். கிளிஃபின் தலை லேசாக ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. யாரோ சொல்வதை அக்கறையாகக் கேட்பதுபோலத்தான் இருந்தது.

“நான் பாட்டுக்குப் பேசிக்கிட்டே இருந்தேன், கண்ணு,” என்றார் வில்ஃப். “கேட்டுக்கிட்டிருக்கான்னு நெனச்சேன்.”

ஆம்புலன்ஸ் ஆட்கள் வந்தார்கள். அவர்களால் ஆனதைச் செய்தார்கள், செய்ய ஒன்றும் இல்லை என்பது அவர்கள் முகத்திலேயே தெரிந்தது. இதயம். வலித்திருக்காது என்றார்கள். மேவிஸ் சமையலறைக் கதவில் நின்றுகொண்டிருந்தாள், குளிர்காற்று முகத்தில் அடிக்க. உள்ளே போ என்று யாரும் அவளிடம் சொல்லவில்லை. “அவர் தொப்பி எங்க?” என்று மட்டும் கேட்டாள். தொப்பி நாற்காலிக்கு அடியில் கிடந்தது. பெவர்லி எடுத்துத் தட்டிக் கொடுத்தாள். மேவிஸ் அதைக் கையில் வைத்துக்கொண்டாள், பிறகு கீழே வைக்கவே இல்லை.

அந்தி சாய்வதற்குள் ஈமச்சடங்கு நிறுவனத்திலிருந்து கருப்புக் கோட்டுப் போட்ட இரண்டு பேர் தூக்குப் படுக்கையோடு வந்தார்கள். நேராகக் கயிற்றின் பக்கம் போனார்கள்.

“வாசல் அந்தப் பக்கம்,” என்றாள் பெவர்லி.

சொன்ன பிறகுதான் தான் சொன்னது அவளுக்கே காதில் விழுந்தது. இருவரில் மூத்தவர் கயிற்றைப் பார்த்தார், முளைகளைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். சுற்றிப் போய் இடைவெளி வழியாக உள்ளே போனார்கள். கிளிஃபைத் தூக்கிக்கொண்டு அதே வழியாக வெளியே வந்தார்கள். வரும்போது இருவரும் தலையைக் கொஞ்சம் குனிந்துகொண்டார்கள், மேலே நிலைச்சட்டம் இருப்பதுபோல. பெவர்லிக்கு அதற்குமேல் தாங்கவில்லை. அதுவரை வராத அழுகை அப்போதுதான் வந்தது.

மறுநாள் காலை டக் டக்கென்று சத்தம் கேட்டு ஜன்னலுக்கு வந்தாள். வில்ஃப். இந்த முறை தெரு வழியாகச் சுற்றி, பக்கவாட்டுக் கேட்டைத் திறந்துகொண்டு வந்திருக்கிறார். நேற்றுப் பிடுங்கிய முளையைச் சுத்தியலால் அதே குழியில் அடித்துக்கொண்டிருந்தார். கயிற்றை இழுத்துக் கட்டி, விரலால் சுண்டிப் பார்த்து, மறுபடி அவிழ்த்து இன்னும் கொஞ்சம் இறுக்கிக் கட்டினார். வீட்டுப் பக்கம் திரும்பிப் பார்க்காமல் போய்விட்டார்.

நகராட்சிக்குத் தகவல் சொல்ல வேண்டும் என்பது யாருக்கும் தோன்றவில்லை. அழைப்புமணி அடித்தபோதுதான் பெவர்லிக்கு நினைவு வந்தது. வாசலில் மஞ்சள் ஜாக்கெட்டும் அளவு நாடாவுமாக ஒரு இளம்பெண் நின்றிருந்தாள். பெயர் நஸீமா என்றாள். பஸ்ஸில் வந்து, மேடு ஏறி மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாள்.

பெவர்லி அம்மாவிடம் வந்து தாழ்ந்த குரலில் சொன்னாள். “சொல்லி அனுப்பிடறேன். இன்னொரு நாள் வரட்டும்.”

“வேண்டாம். பாவம், ஷூ எல்லாம் நனைஞ்சிருக்கு. டீ போடு.”

“அம்மா, அவகிட்ட விஷயத்தைச் சொல்லணும்ல.”

“சின்னப் பொண்ணு. என்ன பேசறதுன்னு தெரியாம தவிச்சுப்போயிடும். பாத்துட்டுப் போகட்டும், அப்புறம் பாத்துக்கலாம்.”

பெவர்லி தேநீர் போட்டாள். பிஸ்கட்டும் எடுத்து வைத்தாள். “மிஸ்டர் பூத்ராய்ட் இல்லீங்களா? ஃபோன்ல அவருதான் பேசினாரு, கயிறு கட்டி வெச்சிருக்கேன் வந்து பாருன்னு ரொம்ப ஆசையாச் சொன்னாரு,” என்று நஸீமா கேட்டாள்.

“வெளிய போயிருக்காரு,” என்றாள் மேவிஸ். தொப்பி அவள் மடியில் இருந்தது. பெவர்லி கெட்டிலின் பக்கம் திரும்பி நின்றுகொண்டாள்.

நஸீமா தோட்டத்தில் இறங்கி அளந்தாள். பெவர்லி கூடவே போனாள். மேவிஸ் கம்பளிப் போர்வையைப் போர்த்திக்கொண்டு சமையலறைக் கதவில் நின்றாள். சுவருக்கு அந்தப் பக்கம் வில்ஃப் வந்து நின்றார். சவரம் செய்து, கழுத்தில் டை கட்டியிருந்தார்.

“நீங்கதான் ஆட்சேபணை எழுதினவரா, சார்?” என்றாள் நஸீமா. “உங்க சமையலறை ஜன்னலைப் பாக்கணுமே. வெளிச்சம் எவ்வளவு மறையும்னு.”

வில்ஃப் தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“என் ஜன்னல் அந்தக் கோடியில இருக்கும்மா. இந்த அறையோட நிழல் அங்க எட்டவே எட்டாது.”

“அப்புறம் ஏன் எழுதினீங்க?”

“கணினியில படத்தைப் பாத்தேன். என் பக்கம் மட்டும் மங்கல் கண்ணாடி போட்டிருந்தான். மத்த மூணு பக்கமும் நல்லாத் தெரியற கண்ணாடி. இது மட்டும் திறக்காது, பாத்தாலும் தெரியாது.” கழுத்து டையை இழுத்துச் சரிசெய்துகொண்டார். “என் மூஞ்சியப் பாத்துப் பாத்து அலுத்துருச்சு போலன்னு நெனச்சேன். அத எப்படி எழுதறது? உங்க ஆளுங்க காரணம் கேக்கறாங்க. வெளிச்சம்னு எழுதினேன்.”

“ஐயோ, அங்கிள்,” என்றாள் பெவர்லி. “உங்களுக்குத் தொந்தரவா இருக்கக் கூடாதுன்னுதான் அப்பா அதைப் போட்டாரு. நாங்க உங்க தோட்டத்தையே பாத்துக்கிட்டு இருந்தா நல்லா இருக்காதுன்னு.”

வில்ஃப் சுவரின் மேல்கல்லில் இருந்த பாசியை நகத்தால் சுரண்டினார். நெடுநேரம் சுரண்டினார்.

“என்னக் கேட்டிருக்கலாமே அவன்.”

“நீங்களும் கேட்டிருக்கலாம்.”

“ஆமா,” என்றார் வில்ஃப்.

நஸீமாவின் முகம் மலர்ந்துவிட்டது. இத்தனை சுலபமாகத் தீர்கிற வழக்கு அவளுக்கு அடிக்கடி வாய்ப்பதில்லை போலும். “அவ்வளவுதானே? மிஸ்டர் பூத்ராய்ட் வந்ததும் ரெண்டு பேரும் பேசிக்கங்க. கண்ணாடிய மாத்தறதெல்லாம் பெரிய விஷயமே இல்ல,” என்றாள்.

பெவர்லி அம்மாவைத் திரும்பிப் பார்த்தாள்.

“அவன் நேத்து சாயங்காலம் போயிட்டாம்மா,” என்றார் வில்ஃப் மெதுவாக. “இந்த நாற்காலியிலதான்.”

நஸீமா நாற்காலியைப் பார்த்தாள். தான் கயிற்றுக்குள் நிற்பதையும் பார்த்தாள். அளவு நாடா தானாகச் சுருண்டு அவள் கைக்குள் போயிற்று. ஏதோ சொல்லப் பார்த்தாள், அவள் கண்தான் நிறைந்தது. மேவிஸ் பயந்தபடியேதான் ஆயிற்று.

“பரவாயில்லம்மா, பரவாயில்ல,” என்று மேவிஸ் கதவிலிருந்தே அவளைத் தேற்றினாள். மூச்சு வாங்க ஒரு படி இறங்கி நின்றாள். “அவரு பேர்ல போட்ட விண்ணப்பம். இனிமே செல்லாதா?”

பெவர்லி அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். இரவெல்லாம் விழித்திருந்து, லீட்ஸில் தன் வீட்டில் எந்த அறையை அம்மாவுக்கு ஒழித்துக் கொடுப்பது என்றுவரை யோசித்து வைத்திருந்தாள். அம்மா அதற்கு மறுப்பு ஏதும் சொல்ல மாட்டாள் என்பதும் தெரியும். ஆனால் இப்போது அந்த முகத்தைப் பார்த்ததும், அந்த அறையில் அம்மா எந்த ஜன்னலில் உட்கார்ந்து எதைப் பார்ப்பாள் என்றுதான் அவளுக்குத் தோன்றியது.

“செல்லும்,” என்றாள் நஸீமா, கண்ணைத் துடைத்துக்கொண்டு. “அனுமதி ஆளுக்குக் குடுக்கறது இல்லைங்க. இடத்துக்குத்தான். யாரு இங்க இருந்தாலும் அது செல்லும்.” பிறகு வில்ஃபைப் பார்த்தாள். “ஆட்சேபணைய நீங்க வாபஸ் வாங்கிட்டீங்கன்னா இதுல பிரச்சினைன்னு எதுவும் இல்ல. என் மேலதிகாரி கையெழுத்துப் போடணும், நான் எழுதிடறேன்.”

“வாங்கிக்கறேன். ஆனா ஒரு நிபந்தனை,” என்றார் வில்ஃப். “என் பக்கம் ஜன்னல் வெக்கணும். திறக்கற ஜன்னல். இந்தச் சுவர் உயரத்துல.”

“பொதுவா பக்கத்து வீட்டுக்காரங்க ஜன்னல் வேண்டாம்னுதான் சொல்லுவாங்க, சார்.”

“சொல்லட்டும்.”

நஸீமா அதைக் குறித்துக்கொண்டாள். கிளம்பும்போது, யாரும் சொல்லாமலே, கயிற்றின் ஓரமாக நடந்து இடைவெளி வழியாக வெளியே போனாள்.

பெவர்லி அவளைத் தெருவரை அனுப்பிவிட்டுத் திரும்பி வந்தால், மேவிஸ் கிளிஃபின் மேல்கோட்டை மாட்டிக்கொண்டு, வாயை மூடிக் கம்பளித் துண்டைச் சுற்றிக்கொண்டு கடைசிப் படியில் நிற்கிறாள்.

“அம்மா, குளிர்.”

“ஒரு டீ குடிக்கற நேரம். அதுக்குமேல நீ சொல்றபடி கேக்கறேன். கையப் புடி.”

பெவர்லி பிடித்துக்கொண்டாள். கயிற்றைச் சுற்றி மெதுவாக நடந்து, இடைவெளியில் ஒருமுறை நின்று, உள்ளே போனார்கள். மேவிஸ் தன்னுடைய நாற்காலியில் உட்கார்ந்தாள். அவருடைய நாற்காலியில் தொப்பியை வைத்தாள். அங்கிருந்து ரோஜாச் செடிகள் இவ்வளவு கிட்டத்தில் தெரியும் என்று கிளிஃப் சொன்னது பொய்யில்லை. கடைசிப் பூ ஒன்று இன்னும் உதிராமல் இருந்தது. அவள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வில்ஃப் சுவரில் முழங்கையை ஊன்றினார். தொண்டையைச் செருமிக்கொண்டார்.

“டாலியாக் கிழங்கு எல்லாத்தையும் தோண்டி எடுத்துடணும்,” என்றார். “உறைபனி விழறதுக்குள்ள. நேத்து பாதியில விட்டுட்டேன்.”

“மணல்லயா, காகிதத்துலயா?” என்றாள் மேவிஸ்.

வில்ஃப் அவளை நிமிர்ந்து பார்த்தார். பிறகு மணலின் சாதக பாதகங்களை முதலிலிருந்து ஆரம்பித்தார்.

தூறல் விழத் தொடங்கியது. பெவர்லி வீட்டுக்குள் ஓடி, கதவுக்குப் பின்னால் தொங்கிய குடையை எடுத்துக்கொண்டு வந்தாள். அவசரத்திலும் கயிற்றைத் தாண்டவில்லை, சுற்றித்தான் வந்தாள். அம்மாவின் தலைக்கு மேலே பிடித்து விரித்தாள்.

மேவிஸ் தலையைத் தூக்கிக் குடையைப் பார்த்தாள். மகளைப் பார்த்தாள்.

“வீட்டுக்குள்ளயா?” என்றாள்.

பெவர்லி குடையை மடக்கினாள். வாசலுக்கு வெளியே போய், முளைக்குச்சியில் அதைச் சாய்த்து வைத்துவிட்டு, செருப்பைப் புல்லில் தேய்த்துக்கொண்டு உள்ளே வந்தாள்.